ஃப்ளாப்புக்கு அடியில் இருக்கும் நிறம்

பழைய விமானி ஜாக்கெட் என்று யாராவது ஒன்றைக் கொண்டுவந்து என் மேஜையில் போட்டால், கழுத்து லேபிளை நான் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் கை போவது பாக்கெட் ஃப்ளாப்புக்கு. அதைத் தூக்கினால் வெயிலே படாத, கை உராயாத ஒரு துண்டுத் தோல் இருக்கும். சாயம் போட்டவர் அன்றைக்கு என்ன நிறம் போட்டாரோ அது அங்கே அப்படியே தங்கியிருக்கும். வெளியே கறுப்பாகத் தெரிகிற ஜாக்கெட் ஃப்ளாப்புக்கு அடியில் செம்பழுப்பாக இருந்தால், நடுவில் யாரோ மறுசாயம் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஃப்ளாப்புக்கு அடியிலும் வெளியே இருக்கிற அதே தேய்மானம், அதே வெளிறல் இருந்தால் அது பழைய ஜாக்கெட்டே இல்லை. புதிதாகத் தைத்து, மொத்தமாகத் தேய்த்து, வயதைப் பூசிய சரக்கு. லேபிளை இன்றைக்கு யார் வேண்டுமானாலும் நெய்து வாங்கிக்கொள்ளலாம். இந்த நிறத்தை அப்படி உண்டாக்குவது கஷ்டம்.

தோல் ஆடை பேட்டர்ன் மாஸ்டர் வேலை எனக்கு. பல்லாவரத்தில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் ஹெல்பராகச் சேர்ந்து, கட்டிங் டேபிளுக்கு ஏறி, அங்கிருந்து பேட்டர்ன் அட்டை வெட்டும் இடத்துக்கு வந்தேன். இப்போது கூடுவாஞ்சேரியில் நந்திவரம் பக்கம், வீட்டை ஒட்டி ஷெட் போட்டு, ஆர்டருக்கு ஜாக்கெட் செய்து கொடுக்கிறேன். பெரும்பாலும் இரண்டாம் உலகப் போர்க் காலத்து அமெரிக்க விமானிகள் போட்ட ஏ-2, அதன் பின் வந்த ஜி-1 வகைகள். "இந்த வெயில்ல இதை யாரு சார் போடுவாங்க?" என்று தெருவில் கேட்காத ஆள் இல்லை. பெங்களூரில் போடுகிறார்கள், ஊட்டியில் போடுகிறார்கள், புல்லட்டை எடுத்துக்கொண்டு லடாக் கிளம்புகிறவர்கள் போடுகிறார்கள். வெளிநாட்டுக்கும் போகிறது. தைக்கிற ஊரில் குளிர் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லையே.

இந்த வேலை எப்படி இந்தப் பக்கத்துக்கு வந்தது என்று தெரிந்துகொள்ள ரொம்ப தூரம் போக வேண்டாம். கூடுவாஞ்சேரியில் மின்சார ரயில் ஏறினால் தாம்பரம் தாண்டிக் குரோம்பேட்டை வரும். குரோம் என்பது தோல் பதனிடும் முறையின் பெயர். ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர் 1903-ல் சென்னையில் குரோம் பதனிடும் சோதனையைத் தொடங்கினார். கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கவலைச் சாலுக்கு நீடித்து உழைக்கும் தோல் வேண்டும் என்பது அவர் யோசனைகளில் ஒன்று. அதற்குப் பின் ஜி.ஏ. சேம்பர்ஸ் பல்லாவரத்தை ஒட்டி குரோம் லெதர் கம்பெனியை நிறுவினார். அந்தத் தொழிற்சாலையின் பெயர்தான் ஊருக்கு நின்றது. பல்லாவரம், நாகல்கேணி, பம்மல் என்று தொழிற்கூடங்கள் பெருகின. 1948-ல் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. அதற்கெல்லாம் முன்பே மதராஸ் துறைமுகத்திலிருந்து ஆட்டுத் தோல் கப்பல் கப்பலாக வெளியே போய்க்கொண்டிருந்தது. அமெரிக்காவில் பிலடெல்பியாவின் காலணித் தோல் ஆலைகள் இந்திய வெள்ளாட்டுத் தோலை நம்பி ஓடியவை. 1970-களில் மத்திய அரசு பச்சைத் தோல், அரைப்பதத் தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்திய பிறகுதான் தோலை இங்கேயே முடித்து, இங்கேயே வெட்டி, இங்கேயே தைத்து அனுப்பும் வேலை பெரிதாக வளர்ந்தது. என் தலைமுறைக்குச் சோறு போட்டது அந்த முடிவு.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் விமானி ஜாக்கெட்டுக்குப் பெரிய கிராக்கி. 1986-ல் வந்த 'டாப் கன்' படத்தில் டாம் குரூஸ் போட்டிருந்த ஜி-1 அதற்கு ஒரு காரணம். அயல்நாட்டு வாங்குநர்கள் பத்திரிகையிலிருந்து கிழித்த படத்தை நீட்டி, இதுபோல வேண்டும் என்பார்கள். நாங்கள் செய்து கொடுத்தோம். செம்மறி நாப்பா, 0.7 மில்லிமீட்டர் கனம், மிருதுவாக, பளபளவென்று. முதுகு நாலு துண்டு, கை மூன்று துண்டு. பாக்கெட் மேலே ஒரு ஜிப், கைக்கு ஒரு ஜிப், மார்பில் ஒரு ஜிப். பெயர் மட்டும் ஏவியேட்டர். நல்ல தையல்தான், அந்த வேலையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எந்தப் பை எதற்கு, ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று அந்தக் கம்பெனியில் யாரும் கேட்டதில்லை, கேட்க நேரமும் இல்லை. இன்றைக்கு நான் செய்கிற வேலை முழுக்க அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறது.

ஏ-2 என்பது அமெரிக்க ராணுவ விமானப் பிரிவு 1931 மே மாதத்தில் ஏற்றுக்கொண்ட கோடைக்கால விமானி ஜாக்கெட். அதற்கு முன்பிருந்த 1927-ஆம் வருடத்து ஏ-1-க்கு முன்பக்கம் பட்டன், கழுத்துக்கு ரிப் துணி. ஏ-2-வில் பட்டன் போய் ஜிப் வந்தது, சட்டைக் காலர் வந்தது, தோள்பட்டி வந்தது. இடுப்பிலும் மணிக்கட்டிலும் ரிப். தோல் பெரும்பாலும் குதிரைத் தோல். வெள்ளாட்டிலும் மாட்டிலும் தைத்தவையும் உண்டு. முன்பக்கம் கீழே இரண்டு பேட்ச் பாக்கெட்டுகள். மேலிருந்து மட்டுமே திறக்கும். ஃப்ளாப்பின் நடுவில் ஒரு முனை, இரு பக்கமும் மெல்லிய வளைவு. டிச் பட்டன் வெளியே தெரியாது, உள்ளடுக்கில் மறைந்திருக்கும். பக்கவாட்டில் கை நுழைக்க வழியே கிடையாது. உள்பக்கமும் பை இல்லை. அவ்வளவுதான் அதன் பாக்கெட் கதை, மேலுக்கு.

சீருடைக்காரன் பைக்குள் கைவிட்டுக்கொண்டு நிற்கக்கூடாது, அதனால்தான் பக்கவாட்டில் வாய் வைக்கவில்லை என்று பொதுவாகச் சொல்வார்கள். இருக்கலாம். தாம்பரம் விமானப்படைத் தளத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்று சேலையூரில் குடியிருக்கும் பெரியவர் ஒருவர் எனக்கு வேறொன்றைச் சொன்னார். தாம்பரத்தில் 1954-லிருந்து விமானப் பயிற்சியாளர்களைப் பயிற்றுவிக்கும் பள்ளி நடக்கிறது; அவர் அங்கே தரைப்பணியில் இருந்தவர். என் ஷெட்டுக்கு வந்தவர் ஏ-2 ஒன்றைப் போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். இடுப்புப் பெல்ட், தொடைப் பட்டை, தோள் பட்டை எல்லாம் எங்கே வரும் என்று சாக்பீஸால் தோலைத் தொடாமல் காற்றில் கோடு போட்டுக் காட்டினார். "பாருங்க மாஸ்டர், பட்டையை இறுக்கினதும் இந்தப் பாக்கெட் ரெண்டும் செத்துப்போச்சு. பறக்கும்போது இதுல இருந்து ஒண்ணும் எடுக்க முடியாது. எடுக்க வேண்டியது தொடையில இருக்கணும், முழங்காலுக்குக் கீழ இருக்கணும்" என்றார். விமானி போடும் முழு அங்கியில் பைகள் ஏன் தொடையிலும் கெண்டைக்காலிலும் இருக்கின்றன என்பதற்கு அதுதான் பதில். அப்படிப் பார்த்தால் ஏ-2-வின் பாக்கெட் தரையில் இருக்கும்போது கையுறையும் சிகரெட்டும் வைத்துக்கொள்ள. ஏறி உட்கார்ந்த பின் உள்ளே இருப்பது வெளியே விழாமல் இருந்தால் போதும். அதனால்தான் தட்டையாக, உடம்போடு ஒட்டி, மூடியோடு இருக்கிறது. பட்டையில் மாட்டிக்கொள்ள அதில் எதுவும் நீட்டிக்கொண்டிருக்கவில்லை.

பிரிட்டிஷ் விமானப்படையின் இர்வின் ஜாக்கெட்டில் இந்த யோசனை இன்னும் ஒரு படி மேலே போகிறது. கம்பளி உள்ளே வைத்த தடித்த செம்மறித் தோல். வெளிப் பாக்கெட்டே கிடையாது. அதற்கு முன், முதல் உலகப் போரில் திறந்த விமானத்தில் பறந்தவர்களின் நீளத் தோல் கோட்டில் இடது மார்பில் சாய்வாகப் பெரிய வரைபடப் பை இருந்தது. உட்கார்ந்தபடி வலது கை நேராகப் போய் விழும் இடம் அது. கொல்கத்தாவின் இந்திரலால் ராய் 1918-ல் பிரான்ஸ் வானத்தில் சண்டையிட்ட காலத்துக் கோட்டு அப்படித்தான் இருந்தது. அமெரிக்கக் கடற்படை 1940-களில் கொண்டுவந்த எம்-422ஏ ஜாக்கெட்டில், அதன் வாரிசான ஜி-1-இல், இடது பாக்கெட்டில் ஃப்ளாப்பை மூடிய பிறகும் பென்சில் செருக ஒரு சின்ன வழி விட்டிருப்பார்கள். கடலுக்கு மேலே பறக்கிறவர்களுக்குக் கணக்குப் போட்டுத் திசை பார்க்கும் வேலை அதிகம். பென்சில் கைக்கு எட்ட வேண்டும். இந்தப் பென்சில் வழியை விட்டுவிட்டு ஜி-1 என்று விற்கும் ஜாக்கெட்டுகள் ஏராளம். எனக்கு அதைப் பார்த்தால் மனசு ஆறாது. காலரில் ரோமம் வைத்து, முதுகில் மடிப்பு வைத்து, எல்லாம் செய்துவிட்டு, அந்த ஜாக்கெட் யாருடையது என்று சொல்லும் ஒரே ஒரு ஓட்டையை மூடிவிடுகிறார்களே.

சில வருடங்களுக்கு முன் பெங்களூர்க்காரர் ஒருவர், தன் குடும்பத்தில் வந்த அசல் ஏ-2 ஒன்றை நம்பி அனுப்பினார். பிரிக்கக் கூடாது, ஊசி படக் கூடாது, அப்படியே பேட்டர்ன் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பது பேச்சு. தோல் மேல் டேப் ஒட்டவும் பயம். பழைய ஃபினிஷ் உரிந்து வந்துவிடும். மெல்லிய பிளாஸ்டிக் தாளை மேலே விரித்து, தையல் கோட்டை விரல் நகத்தால் தடவிப் பார்த்து, புள்ளி புள்ளியாக வைத்து எடுத்தோம். பாக்கெட்டுக்கு வந்தபோதுதான் வேடிக்கை. இரண்டு ஃப்ளாப்பும் ஒன்றுபோல இல்லை. இடது ஃப்ளாப்பின் முனை நடுவிலிருந்து ஜிப் பக்கமாக நூலிழை நகர்ந்திருந்தது. வலது பாக்கெட்டின் கீழ் மூலை வளைவு கொஞ்சம் தட்டை. என்னிடம் மிஷினில் இருக்கும் ஊரப்பாக்கத்து அக்கா அந்தத் தையலை விளக்குக்குக் கீழே வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "அண்ணே, இதைத் தச்சவ கைக்காரி. ஆனா அவசரத்துல தச்சிருக்கா. இங்க பாருங்க, மூலையில ஊசியை நிறுத்தித் திருப்பாம ஓட்டத்துலயே வளைச்சிருக்கா" என்றார். போர்க்காலத்தில் அந்தத் தொழிற்சாலைகளில் பெண்கள் நிறைய வேலை பார்த்தார்கள். ஆயிரக்கணக்கில் ஒப்பந்தம், குறித்த தேதிக்குள் கொடுத்தாக வேண்டும். அமெரிக்காவில் ஏ-2 தைத்த கம்பெனிகள் பல. ஏரோ லெதர், ரஃப் வேர், டூபோ, பெர்ரி என்று. ஒரே அரசாங்க விவரக்குறிப்பு, ஆனால் ஃப்ளாப்பின் வளைவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். தெரிந்தவர்கள் ஃப்ளாப்பைப் பார்த்தே யார் தைத்தது என்று சொல்லிவிடுவார்கள்.

"அப்ப நாமளும் இதைக் கோணலாத்தான் தைக்கணுமா அண்ணே?" என்று அக்கா கேட்டார். இந்தத் தொழிலில் இதுபோலக் கூர்மையான கேள்வியை நான் கேட்டதில்லை. ஜப்பானில் இருக்கும் மறு உருவாக்கக் கம்பெனிகள் சில, குறிப்பிட்ட ஓர் ஒப்பந்தத்தின் ஜாக்கெட்டை எடுத்து அதன் விசித்திரங்களோடு அப்படியே செய்கின்றன. அந்த உழைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் வேறொருத்தியின் அவசரத்தை நாம் நிதானமாக உட்கார்ந்து நகலெடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அவள் நேராகத் தைக்கத்தான் முயன்றாள். அந்த முயற்சியைத்தான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஃப்ளாப்பின் வளைவு, முனையின் ஆழம், பாக்கெட்டின் அகலம், ரிப்புக்கு மேலே எவ்வளவு உயரத்தில் உட்கார்கிறது, இவையெல்லாம் அசலிலிருந்து மில்லிமீட்டர் பிசகாமல். முனை நடுவில் இருக்க வேண்டும். அதன் பிறகும் அக்காவின் கையில் ஏதாவது கொஞ்சம் மாறும். அது அவருடைய ஜாக்கெட்டின் அசல்.

தோலைப் பற்றிச் சொல்லாமல் பாக்கெட்டைப் பற்றிப் பேச முடியாது. ஏ-2-வின் முதுகு ஒரே துண்டு. குதிரைத் தோல் பெரிது, அவர்களுக்குக் கவலை இல்லை. நம் வெள்ளாட்டுத் தோல் நாலு, நாலரை சதுர அடிதான் பெரும்பாலும். ஐந்தரை, ஆறு என்று வந்தால் முதுகுக்கு என்று தனியாக எடுத்து வைப்பேன். ஏற்றுமதிக் காலத்தில் முதுகை நாலாக வெட்டியது அழகுக்காக இல்லை, சின்னத் தோலைச் செலவழிக்க. அதனால் முதுகில் தையல் ஓடும் 'ஏ-2'-வை எங்கே பார்த்தாலும் அதன் கணக்கு எனக்குப் புரியும். பெரியமேட்டில் தோல் வாங்கப் போகும்போது கடை பாய் எனக்காகப் பெரிய தோல்களைத் தனிக் கட்டாகப் போட்டு வைத்திருப்பார். "முதுகு கேட்டு உயிரை வாங்குவீங்கன்னு தெரியும் மாஸ்டர்" என்பார். கேஜ் வைத்து முதுகுத்தண்டு ஓரத்தில், வயிற்றுப் பக்கத்தில், கழுத்தில் என்று கனம் பார்ப்பேன். எனக்கு ஒரு மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. 0.7-ல் தைத்த பேட்ச் பாக்கெட்டில் ஒரு வருடம் கையுறை வைத்தால் வாய் தொங்கிப்போகும்.

பாக்கெட்டுக்கு எடுக்கும் தோல் முதுகுத்தண்டை ஒட்டிய பகுதி. வயிற்றுத் தோல் இழுபடும். இடதும் வலதும் ஒரே தோலில், முதுகுத்தண்டுக்கு இரு பக்கமும் எதிரெதிராக சில்வர் பென்னால் வரைந்து வெட்டுவேன். அப்போதுதான் இரண்டு பாக்கெட்டும் ஒன்றுபோல நிறம் மாறும், ஒன்றுபோலச் சுருக்கம் விழும். மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒரு பாக்கெட்டை ஒரு தோலிலும் இன்னொன்றை வேறு தோலிலும் எடுத்தால் கடையில் தெரியாது, மூன்றாவது வருடத்தில் தெரியும்.

வெட்டியதும் ஓரத்தைச் சீவ வேண்டும். மடிக்கும் அளவுக்கு, ஏறக்குறைய அரை அங்குலம், கனத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். ஸ்கைவிங் மிஷின் நேர்க்கோட்டுக்குச் சரி. ஃப்ளாப்பின் வளைவுக்குக் கை தேவை. சொல்யூஷன் தடவி, தொட்டால் ஒட்டாத பதத்துக்குக் காயவிட்டு மடிக்க வேண்டும். உள்வளைவில் சின்ன வெட்டுகள் போட்டு மடிப்போம். வெளிவளைவில், அதாவது பாக்கெட்டின் கீழ் மூலையில், தோல் மிஞ்சும். அதைக் குத்தூசியால் மெல்லிய கொசுவமாகக் கூட்டிக் கூட்டிப் படியவைத்து, தட்டைச் சுத்தியலால் லேசாகத் தட்ட வேண்டும். கொசுவம் நாலாக விழுந்தால் மூலை கோணல் கோணலாகத் தெரியும். பொடிப்பொடியாகப் பன்னிரண்டு பதினைந்து விழுந்தால் வெளியிலிருந்து ஒரே வளைவு. பாக்கெட் வாயின் மடிப்புக்குள் இழுபடாத டேப் ஒன்றை வைத்து மடிக்கிறேன்.

ஃப்ளாப் இரண்டு அடுக்கு. டிச் பட்டனின் தலையை முதலிலேயே உள்ளடுக்கில் மட்டும் அடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் வெளியடுக்கை ஒட்டித் தைப்பது. வரிசை மாறினால் பட்டன் வெளியே தெரியும், அது ஏ-2 ஆகாது. பட்டனின் அடிப்பாகம் பாக்கெட்டின் முகத்தில் வரும். அதன் பின்னால் ஒரு வட்டத் தோல் வைத்து அடிப்பேன். இல்லையென்றால் திறந்து மூடித் திறந்து மூடி ஒருநாள் தோலோடு பிய்ந்து வந்துவிடும்.

உடம்பில் வைத்துத் தைப்பது கடைசி. துணியில் குண்டூசி குத்தலாம், பிரிக்கலாம், மறுபடி தைக்கலாம். தோலில் ஊசி இறங்கினால் ஓட்டை ஓட்டைதான். அதனால் ஓரத்தில் மட்டும் மெல்லிய சொல்யூஷன் தடவி ஒட்டி நிறுத்தி, ஒரு மேல் மூலையில் ஆரம்பித்து மறு மேல் மூலை வரை ஒரே ஓட்டம். அங்குலத்துக்கு எட்டுத் தையல். அதற்கு மேல் நெருக்கினால் தபால்தலை ஓரம்போலத் தோல் அந்தக் கோட்டில் கிழியத் தயாராகிவிடும். கடைசியில் மிஷினைப் பின்னோக்கி ஓட்டிக் கெட்டிப்படுத்துவதில்லை. நூலை உள்பக்கம் இழுத்துக் கையால் முடிச்சுப் போட்டு ஒரு சொட்டுப் பசை. நூல் விஷயத்தில் மட்டும் நான் அசலிலிருந்து விலகுகிறேன். அவர்கள் பருத்தி நூல் போட்டார்கள். பருத்தி நூல் ஈரத்தில் இற்றுப்போகும். நான் உள்ளே பாலியெஸ்டரும் வெளியே பருத்தியும் சுற்றிய நூல் போடுகிறேன். பார்வைக்குப் பருத்தி, உழைப்புக்கு வேறு. இதை ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் சொல்லிவிடுவேன்.

இனி, எனக்கு அதிகமாக வரும் கோரிக்கை. "மாஸ்டர், அசல் ஏ-2 மாதிரியே இருக்கணும், ஆனா பக்கத்துல கை விடுற மாதிரி ஒரு வாய் வெச்சுக் கொடுங்க." முதலில் இதைக் கேட்டு முகம் சுளிக்கும் தூய்மைவாதிகளுக்கு ஒரு செய்தி. 1943-ல் ஏ-2-வை நிறுத்தித் துணி ஜாக்கெட்டுகளுக்குப் போன அமெரிக்க விமானப்படை, 1988-ல் வெள்ளாட்டுத் தோலில் அதை மீண்டும் கொண்டுவந்தது. பிறகு விமானிகள் கேட்டார்கள் என்று பக்கவாட்டு வாயும் உள்பையும் சேர்த்தது. எனவே பக்கவாட்டு வாய் வைத்த ஏ-2-வும் சட்டப்படி விமானப்படை ஜாக்கெட்தான், வேறொரு காலத்து ஜாக்கெட். வாடிக்கையாளர் எந்தக் காலத்தைக் கேட்கிறார் என்று தெளிவாக இருந்தால் எனக்குத் தடையில்லை. 1942-ஆம் வருடத்து ஒப்பந்தத்தின் ஃப்ளாப், அந்தக் காலத்துக் காலர், அதில் பக்கவாட்டு வாய், மேலே போர்க்கால லேபிளின் நகல் என்று கலந்து கேட்டால் மட்டும் லேபிளை விட்டுவிடச் சொல்வேன்.

பக்கவாட்டு வாயைச் செய்வதிலும் நியாயம் உண்டு. பாக்கெட்டின் பின் ஓரத் தையலில் ஒரு பகுதியைத் திறந்து விட்டுவிடுவது சுலப வழி. அப்படிச் செய்தால் பாக்கெட் வலுவிழந்து பிதுங்கி நிற்கும். நான் பேட்ச் பாக்கெட்டைத் தொடுவதே இல்லை. அதற்குப் பின்னால் ஜாக்கெட்டின் உடம்பில் தனியாக ஒரு வாய் வெட்டி, இரு ஓரமும் மெல்லிய தோல் பட்டி வைத்து, உள்ளே பருத்திப் பை தொங்கவிடுகிறேன். வெளியிலிருந்து பாக்கெட்டின் விளிம்பு அந்த வாயை மறைத்துவிடும். நாளை வேண்டாம் என்றால் அந்த வாயைத் தைத்து மூடலாம், பழைய பாக்கெட்டுக்குச் சேதம் இல்லை. பேட்ச் பாக்கெட் தனியாக நின்றால்தான் ஃப்ளாப்புக்கு அடியில் நிறம் நிற்கும்.

மாற்றம் செய்தாலே அசல் கெட்டுவிடும் என்று நான் நினைக்கவில்லை. போர்க்காலத்தில் சீனா-பர்மா-இந்தியா முனையில் இருந்த அமெரிக்க விமானிகளின் ஜாக்கெட்டுகளைப் பாருங்கள். இந்தியாவில் உள்ளூர் ஆட்கள் தோலில் வெட்டித் தைத்துக் கொடுத்த படைச் சின்னங்கள் அவற்றில் இருக்கின்றன. விமானம் விழுந்தால் உதவி கேட்டு உள்ளூர் மொழிகளில் அச்சிட்ட துணியை முதலில் முதுகில் தைத்தார்கள். பிறகு எதிரி கண்ணில் படக்கூடாது என்று உள்பக்கம் வைத்துத் தைத்துக்கொண்டார்கள். நம் நாட்டுத் தையல்காரர் கை பட்ட அந்த ஜாக்கெட்டுகளைச் சேகரிப்பவர்கள் இன்றைக்கு மாறாத ஜாக்கெட்டைவிட மேலாக மதிக்கிறார்கள். போட்டவனுக்குத் தேவைப்பட்டது, தைத்தார்கள். பொய் அங்கே இல்லை. புதுத் தோலை உப்புத்தாளால் தேய்த்து, தேயிலைத் தண்ணீர் அடித்து, இல்லாத ஒரு விமானியின் பெயரை மார்பில் ஒட்டி விற்பதில் இருக்கிறது. அந்த வேலையை எவ்வளவு கொடுத்தாலும் என் ஷெட்டில் செய்வதில்லை. என் ஜாக்கெட்டுகளில் வலது பாக்கெட்டின் உள்முகத்தில், தோலின் சதைப் பக்கத்தில், தைத்த மாதமும் வருடமும் கூடுவாஞ்சேரி என்ற ஊர்ப் பெயரும் மையில் குத்தியிருக்கும். கையை உள்ளே விட்டுப் புரட்டினால் தெரியும். எண்பது வருடம் கழித்து இதை யாராவது 1942 என்று விற்க முயன்றால், வாங்குகிறவர் பாக்கெட்டைப் புரட்டிப் பார்க்கட்டும்.

புல்லட் ஓட்டுகிறவர்களுக்கு வேறு பிரச்சினை. ஏ-2 இடுப்போடு நின்றுவிடும். வண்டியில் குனிந்தால் பாக்கெட்டில் இருப்பது வயிற்றில் குத்தும். அவர்களுக்கு ஜி-1-தான் நல்லது என்று சொல்கிறேன். முதுகில் தோள்பட்டைக்குப் பின்னால் மடிப்பு இருப்பதால் கையை முன்னால் நீட்டும்போது விரிந்து கொடுக்கும், பாக்கெட்டும் பட்டன் போட்டு நிற்கும். அப்படியும் ஏ-2-தான் வேண்டும் என்றால், பாக்கெட்டில் சாவி வைக்காதீர்கள் என்று சொல்லி அனுப்புவேன். சாவிக்கொத்து ஒரு மில்லிமீட்டர் தோலைக்கூட உள்ளிருந்து தேய்த்துவிடும். வெளியே சாவியின் வடிவம் பதிந்த ஜாக்கெட்டுகள் பழுதுக்கு வந்திருக்கின்றன.

உள்பை எல்லோரும் கேட்பது, செல்போனுக்காக. போர்க்கால ஏ-2-வில் அது இல்லை. இருந்தாலும் இதற்கு நான் யாரிடமும் வாதாடுவதில்லை. போனை வெளிப் பாக்கெட்டில் வைக்க ஆரம்பித்தால் ஒரே வருடத்தில் ஃப்ளாப் மூடாமல் தூக்கிக்கொண்டு நிற்கும். உள்பை போட்டுக் கொடுத்தால் வெளிப் பாக்கெட் பிழைக்கும். இடது மார்புப் பக்கம், லைனிங் துணியிலேயே, தோலில் ஒரு ஊசிகூட இறங்காமல் தைக்கிறோம். பையின் எடையை லைனிங் மட்டும் தாங்கினால் கிழியும் என்பதால், மேல் ஓரத்தை நாடா வைத்துக் கழுத்துப் பக்கத் தோல் பட்டியோடு பிணைக்கிறோம். போன்கள் வருடத்துக்கு வருடம் நீண்டுகொண்டே போவதால் இந்த ஒரு பைக்கு மட்டும் அளவு அட்டையை அடிக்கடி மாற்றி வெட்ட வேண்டியிருக்கிறது. உள்பைக்குத் தனிக் காசு இல்லை. பக்கவாட்டு வாய்க்கு உண்டு, அதில் அக்காவுக்கு அரை நாள் வேலை கூடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் காற்றில் ஈரம் ஏறி சொல்யூஷன் காயாது, மடிப்பு பிரியும். அந்த மாதங்களில் பேட்டர்ன் வெட்டுகிறோம், தோல் தேர்வு செய்கிறோம். பாக்கெட் ஒட்டும் வேலையை மார்கழி பாதிக்கு மேல்தான் எடுக்கிறோம் என்று ஆர்டர் வாங்கும்போதே சொல்லிவிடுகிறேன்.